மணி விழாத மெசின்

1996 நவம்பர் 18, திங்கள்

மூன்று கிழமை வாய் திறக்காமல் இருந்தது போதும். இனிப் பேசப்போகிறேன். முதலில் இந்தக் கொப்பியில், பிறகு சங்கத்துக்கு எழுத்தில்.

காலையில் உறைமழை. கார் முழுக்கக் கண்ணாடி போர்த்தது போல. சுரண்டவில்லை. வேலை பிற்பகல் மூன்றுக்குத்தான்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைத்தால் கடிதத்துக்கு உதவும்.

ஒக்ரோபர் 26. சங்கத்தின் ஒன்றுகூடல், ஊரில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு உதவியாக. என்னிடம் ஐந்து பழ மெசின்கள் இருக்கின்றன, காசு போட்டு இழுக்கிற சூதாட்ட மெசின்கள். எல்லாம் ஐம்பது அறுபது வருடப் பழசு, உடைந்த நிலையில் வாங்கி நானே திருத்தியவை. ஒன்றைத் தாருங்கள் என்றார்கள். கைபிடியை இழுத்தால் மூன்று சில்லுகள் சுழன்று நிற்கும். செரி, தோடம்பழம், பிளம்ஸ், மணி. படங்கள் பொருந்தினால் உள்ளிருந்து வில்லைகள் கொட்டும். காசு இல்லை, சங்கம் கொடுத்த பித்தளை வில்லைதான். மூன்று மணியும் ஒரே வரிசையில் விழுந்தால் தங்கச் சங்கிலி பரிசு.

மாலை முழுக்க வரிசை குறையவில்லை. செரி விழுந்தது. தோடம்பழம் விழுந்தது. பிள்ளைகள் துள்ளினார்கள். நானே பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் கைபிடியை எப்படி இழுப்பதென்று காட்டினேன். பதினான்கு வருடம் பௌதிகம் படிப்பித்தவன், பத்து வருடமாக இந்த நாட்டில் போத்தல் மூடிகளின் விட்டம் அளப்பவன். அன்று ஒரு மாலை மட்டும் திரும்பவும் மாஸ்டர்.

மூன்று மணி விழவேயில்லை. முடிகிற நேரம், வரிசையில் நின்ற ஒரு பெண்பிள்ளை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அங்கிள், ஃபர்ஸ்ற் சில்லில பெல் ஒருக்காக்கூட நிக்கேல்லை. நான் கவுண்ட் பண்ணினனான்."

மண்டப வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால்: "மாஸ்டர் மெசினைச் செற் பண்ணிப்போட்டுத்தான் கொண்டந்திருக்கிறார்." "அப்ப சங்கிலி ஆருக்காம்?" சிரிப்பு.

திரும்பிப் பார்க்கவில்லை. அன்று திரும்பியிருக்க வேண்டும்.

பிறகு: இரண்டு பிறந்தநாளுக்கு அழைப்பு இல்லை. அஜின்கோர்ட் சாப்பாட்டுக்கடையில் ஒரு மேசை என்னைக் கண்டதும் கிரிக்கெட் கதைக்கத் தொடங்கியது. மனைவி வசந்தாவிடம் கோயிலில் யாரோ, "அங்கிள் இப்ப உந்தச் சூது மெசின் வேலையளை விட்டிட்டாரோ?" என்று கேட்டிருக்கிறாள். அக்கறையாகக் கேட்டாளாம்.

மெசின் திரும்பி வந்த நாளிலிருந்து வீட்டுக்குக் கீழே பேஸ்மன்றில் துணி மூடியபடி நிற்கிறது. தொடவில்லை. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இன்று மத்தியானம் சோறு போடும்போது வசந்தா: "உதைத் திறந்து பாக்கிறியளோ, இல்லாட்டி வித்துத் துலைக்கிறியளோ? ரெண்டில ஒண்டைச் செய்யுங்கோப்பா. வீட்டுக்குள்ள சவம் கிடக்கிற மாதிரிக் கிடக்கு."

நாளை திறக்கிறேன்.

நவம்பர் 19, செவ்வாய்

பூச்சியத்துக்குக் கீழே நான்கு. வெயில் இருக்கிறது, சூடு இல்லை.

காலை எட்டுக்குக் கீழே இறங்கினேன். மெசினின் பின்கதவுத் திறப்பு என் சாவிக்கொத்திலேயே இருந்தது. இரண்டு கொளுக்கிகளை விலக்கினால் உள் யந்திரம் முழுவதையும் ஒரே தட்டாக வெளியே இழுக்கலாம். இழுத்து மேசையில் வைத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது.

பார்த்தவை:
- சுருள்விற்கள் சரி.
- வேகம் தணிக்கும் சின்னக் காற்றாடி சரி. சத்தம் சுத்தம்.
- வில்லைக் குழாயில் யாரோ திணித்த டொபி உறை. எடுத்தேன்.
- சில்லுகளின் பக்கத் தட்டுகள்: இரண்டாவது, மூன்றாவது சரி.

முதல் சில்லு.

ஒவ்வொரு சில்லின் பக்கத்திலும் ஒரு தட்டு உண்டு. அதன் விளிம்பில் இருபது பள்ளங்கள். சில்லு சுழலும்போது ஒரு பிடி வந்து ஏதாவது ஒரு பள்ளத்தில் விழும். விழுந்த இடத்தில் சில்லு நிற்கும். முதல் சில்லில் ஒரே ஒரு மணிதான். அந்த மணிக்குரிய பள்ளத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டு. பிறை வடிவம், பாதி நகத்தளவு. பள்ளத்தை அடைத்தபடி. பிடி வந்தால் வழுக்கிக்கொண்டு அடுத்த பள்ளத்துக்குப் போய்விடும். அடுத்தது தோடம்பழம்.

நூறு முறை இழுத்தாலும் ஆயிரம் முறை இழுத்தாலும் முதல் சில்லில் மணி நிற்காது. அந்தப் பெண்பிள்ளை சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள்.

கோபம் வரவில்லை. சந்தோசம். உண்மையில் சந்தோசம். யாரோ செய்திருக்கிறான், நான் இல்லை.

யாரோ என்ன யாரோ. மெசின் ஒன்றுகூடலுக்கு முன்பு மூன்று நாள் யோகனின் கராஜில் நின்றது. வான் வைத்திருப்பவன் அவன்தான், அதனால் முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போனான். யோகராஜா: சங்கச் செயலாளர், பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழன். இங்கே லேத் வேலை. இரும்பை மயிரிழைக்கு அராவக்கூடியவன். சங்கிலி கொடுத்த நகைக்கடைக்காரர் அவனுடைய மனைவியின் தம்பி; மணி விழாவிட்டால் சங்கிலி கடைக்கே திரும்பும்.

துண்டை எடுத்துச் சின்னப் பிளாஸ்ரிக் பையில் போட்டுத் திகதி எழுதினேன். வேலைக்குப் பத்து நிமிடம் பிந்திவிட்டேன். சுப்பர்வைசர் மணிக்கூட்டைப் பார்த்தான். பார்க்கட்டும்.

நவம்பர் 21, வியாழன்

ரெக்ஸ்டேல் போய் வந்தேன். போக ஒரு மணித்தியாலம், வர ஒன்றரை. வோல்ரர் என்ற கிழவரிடம்தான் எனக்கு உதிரிப்பாகம் கிடைப்பது. முன்பு அச்சு வார்க்கும் பட்டறையில் வேலை செய்தவர். கராஜ் முழுக்கப் பழைய மெசின்கள், கார் மழையில் நிற்கும்.

பையைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். சிரித்தார்.

"பூச்சி," என்றார். இந்த மெசின்காரர் மத்தியில் அதற்கு அதுதான் பெயராம். அந்தக் காலத்தில் மதுக்கடைக்காரர்கள் பெரிய பரிசு விழாமலிருக்க இப்படி ஒரு துண்டை வைத்துவிடுவார்களாம். "கம்பனி செய்வதில்லை. அதனால் எந்தப் புத்தகத்திலும் படம் இருக்காது. இது நல்ல வேலை. கையால் அராவியிருக்கிறான். தொழில் தெரிந்தவன்."

தொழில் தெரிந்தவன். காரில் வரும்போது அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நான் கோட்டுப் போடும்போது அவர் இன்னும் துண்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு காலம் உள்ளே இருந்தது என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். "மூன்று நாளா?" என்றார். விளிம்பின் தேய்மானத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். நேரமாகிவிட்டது, பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வாங்க வேண்டியது: வீட்டுச் சூடாக்கிக்கு ஃபில்டர், வெங்காயம், முத்திரை.

நவம்பர் 22, வெள்ளி

சிவம் அண்ணையின் பலசரக்குக் கடை. அவருக்கு ஒன்றைச் சொன்னால் மோர்னிங்சைட் வரை அன்றே போய்ச்சேரும். தெரிந்துதான் போனேன். அதை இங்கே மறைத்து என்ன.

முருங்கைக்காய் தெரிவு செய்தபடி அவரே தொடங்கினார். "மாஸ்டர், குறை நினையாதையுங்கோ, சனம் கண்டபடி கதைக்குது."

"கதைக்கட்டும் அண்ணை. இந்தச் செவ்வாய்தான் மெசினைத் திறந்து பாத்தனான். மணி நிக்காமல் ஒரு இரும்புத் துண்டு வைச்சுக் கிடக்கு."

"வைச்சுக் கிடக்கோ? ஆர் வைச்சது?"

"அது எனக்கெப்பிடித் தெரியும். மூண்டு நாள் மெசின் எங்க நிண்டதெண்டு கேட்டுப் பாருங்கோவன்."

முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டார். "யோகன்ர கராஜில."

"நான் பேர் சொல்லேல்லை."

"நீங்கள் சொல்லேல்லைத்தான்," என்றார் சிவம் அண்ணை. கண் பளபளத்தது.

கீரைப்பிடி ஒன்று சும்மா போட்டுவிட்டார். மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு மனிதன் எனக்குச் சும்மா தந்த பொருள்.

நவம்பர் 24, ஞாயிறு

ஈரப்பனி. விழுந்ததும் சேறு. வசந்தா கோயிலுக்கு, நான் வீட்டில்.

பொதுக்கூட்டம் டிசம்பர் 8. அதற்கு முன் எல்லா அங்கத்தவருக்கும் கடிதம் போய்ச்சேர வேண்டும். எழுதத் தொடங்கினேன். எழுத எழுதப் பழையது எல்லாம் வருகிறது. அதற்கு இங்கே இடம், கடிதத்தில் இல்லை.

யோகன்மீது என் வழக்குகள்:

1. முதலாம் வருடம், செய்முறைக் கொப்பி. ஊசல் பரிசோதனையில் என் அளவீடுகளைப் பார்த்து எழுதினான். அவனுக்கு என்னிலும் இரண்டு புள்ளி கூட.

2. 1986. நான் இங்கே வந்து இறங்கியது அவனுடைய அப்பார்ட்மென்றில். பதினாறு நாள். "மச்சான், சுப்பரின்ரென்டன்ற் சத்தம் போடுறான்" என்று வேறு இடம் பார்க்கச் சொன்னான். பிறகு கட்டடத்தைப் பராமரிக்கும் அந்த சுப்பரின்ரென்டன்ரை லிஃப்டில் கண்டு கதைத்தேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

3. தமிழ் வகுப்புக்குத் தலைமை. ஊரில் படிப்பித்தவன் நான் ஒருவன்தான். ஒரு கணக்காளருக்குக் கொடுத்தார்கள். யோகன் கூட்டத்தில் இருந்தான். கை உயர்த்தவில்லை. எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

4. போன வருடக் கலியாணம். பெண்ணின் தகப்பனுக்கு என்னை அறிமுகப்படுத்தினான்: "இவர்தான் எங்கட சூதாட்ட மாஸ்டர்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

5. பூச்சி.

கோயிலால் வந்த வசந்தா சொன்னாள்: "இண்டைக்கு என்னைக் கூப்பிட்டுச் சமையல்கட்டுக்குள்ள விட்டவை. வடைக்கு மாக்குழைச்சனான்." முகத்தில் ஒரு தெளிவு.

கடையில் சொன்னது வேலை செய்கிறது.

நவம்பர் 26, செவ்வாய்

காலை ஒன்பதரை. போன்.

"மச்சான், யோகன்."

"சொல்லு."

"சிவத்தின்ர கடையில நீ என்னவோ சொன்னியாம்."

"ஒண்டும் சொல்லேல்லை. மெசின் எங்க நிண்டதெண்டு மட்டும் சொன்னன்."

"என்ர கராஜில நிண்டது உண்மை. நீ மூடின துணியோட நிண்டது. நான் அந்தத் துணியைக்கூட எடுத்துப் பாக்கேல்லையடாப்பா."

"உன்ர மச்சினன்தானே சங்கிலி தந்தவர்."

பின்னால் அவனுடைய வீட்டில் குக்கர் விசில்.

"திறப்பு உன்னட்டை எல்லோ இருந்தது?" என்றான்.

"லேத் வேலை செய்யிறவனுக்குத் திறப்புத் தேவையே?"

"நீ உதை என்னட்டை நேர கேட்டிருக்கலாம். முப்பது வருசமாத் தெரியும். சிவத்தின்ர கடையில போய்ச் சொன்னாய் பார்."

வைத்துவிட்டான். கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். களைத்துப்போனவன் மாதிரிப் பேசினான். அது ஒரு தந்திரம்.

நேர கேட்டிருக்கலாமாம். வாசலில் என்னைப் பற்றிச் சிரித்தார்களே, அப்போது இவன் எங்கே நின்றான்? மேசைகளை மடித்துக்கொண்டு நின்றான். கேட்காத மாதிரி.

நவம்பர் 28, வியாழன்

காற்று. குப்பை வாளி அடுத்த வீட்டு முற்றத்தில்.

சிவம் அண்ணை வீட்டுக்கே போன் எடுத்தார், நான் போய்க் கேட்க முன்பு. எட்டாம் திகதி யோகனைச் செயலாளர் பதவியால் எடுக்கப்போகிறார்களாம். அது மட்டுமில்லை: "உப்பிடிப்பட்ட ஆளைச் சங்கத்தில வைச்சிருக்கிறதோ எண்டும் ஒரு கதை." சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு யோகன் வானில் ஏற்றிக்கொண்டு போகும் பிள்ளைகளில் நான்கு பேரை இனி அனுப்பவில்லையாம். "பிள்ளையளின்ர காசில கை வைச்சவன்ர வானிலயோ" என்று ஒரு தாய் கேட்டாளாம்.

நான் சொன்னது துண்டைப் பற்றி. பிள்ளைகளின் காசென்று நான் சொல்லவில்லை. அது தானாக வளர்ந்தது.

வசந்தா இரவுச் சாப்பாட்டைக் கட்டும்போது: "யோகன் அண்ணையின்ர மனுசியைக் கோயிலில கண்டனான். உள்ளுக்க வரேல்லை. வெளியில நிண்டு கும்பிட்டிட்டுப் போட்டா." என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு வடிவாத் தெரியுந்தானே?"

"தெரியும்."

"அப்ப சரி."

கடிதத்துக்கு ஆதாரம் சேர்க்க வேண்டும். வெறும் பேச்சு போதாது. நான் மெசினைத் திருத்தி முடித்தபோது அந்தத் துண்டு உள்ளே இல்லை என்று காட்டினால் முடிந்தது. படங்கள் இருக்கின்றன. எந்த மெசினைக் கழற்றும்போதும் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுப்பேன், பக்கத்தில் அடிமட்டம் வைத்து. முதல் சில்லின் படம் ஒன்றைப் பெரிதாக்கிக் கடிதத்துடன் வைப்பது.

நவம்பர் 30, சனி

எப்படி எழுதுவது.

காலை அல்பங்களை எடுத்தேன். இந்த மெசின் 1994 மாசி. பதினேழாவது படம்: முதல் சில்லின் பக்கத் தட்டு, கழற்ற முன்பு. வெளிச்சம் நல்ல வெளிச்சம். உருப்பெருக்கியும் தேவைப்படவில்லை.

துண்டு இருக்கிறது.

அதே பள்ளத்தில். தட்டில் பிடித்த அதே இரும்புக் கறள் அதிலும் பிடித்திருக்கிறது, ஒரே நிறம். ஐம்பது வருடமாக அங்கேயே இருந்த கறள்.

பிறகு பாகங்கள் எழுதும் கொப்பியை எடுத்தேன். எடுக்காமல் விட்டிருக்கலாம். இருநூற்றுப் பன்னிரண்டு பாகங்கள், ஒவ்வொன்றும் இலக்கமிட்டு. 88ஆம் இலக்கம்: "முதல் சில்லு, பக்கத் தட்டு. பிறை வடிவத் துண்டு 1. பயன் தெரியவில்லை. புத்தகப் படத்தில் இல்லை. மண்ணெண்ணெயில் கழுவி, கறள் தேய்த்து, இருந்த இடத்தில் மீண்டும் பொருத்தப்பட்டது."

என் கையெழுத்து.

மற்றவர்கள் பழையதை எறிந்துவிட்டுப் புதியது போடுவார்கள். நான் போடுவதில்லை. கழற்றியது எல்லாம் திரும்பப் போக வேண்டும், ஒன்றும் மிஞ்சக்கூடாது. அதுதான் என் முறை. வோல்ரரிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். எவனோ ஒரு மதுக்கடைக்காரன் வைத்த களவைக் கழுவித் துடைத்து, பளபளவென்று, நானே திரும்ப வைத்திருக்கிறேன்.

அன்று வோல்ரர் சொல்ல வந்தது இதுதான். மூன்று நாளில் அந்த விளிம்பு அப்படித் தேயாது.

ஏன் நினைவில் இல்லை? அந்த மாசியில்தான் என் ஐயா ஊரில் காலமானார். போக வழியில்லை. தந்திகூட எட்டு நாள் பிந்தி. கீழே இறங்கி இருந்து கழுவினேன். கை தன்பாட்டுக்குக் கழுவியது.

சோதித்தும் பார்த்தேன்தான். செரி, தோடம்பழம், பிளம்ஸ் எல்லாம் விழுந்தது. மணி விழவில்லை. அது அரிது என்று விட்டுவிட்டேன். ஒரு அளவீட்டை நம்பாதே, திரும்ப எடு என்று பதினான்கு வருடம் கரும்பலகையில் எழுதியவன்.

வேலைக்குப் போகவில்லை. சளி என்று சொன்னேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

பனி. முதல் உண்மையான பனி. தெரு வெள்ளை.

யோசித்தவை, ஒழுங்கில்லாமல்:

படம் ஒன்றுதான். நெகற்றிவ் ஒரு கீற்று. கொப்பியில் ஒரு பக்கம். மூன்றையும் அடுப்பில் வைத்தால் ஒரு நிமிடம்.

வோல்ரர் சங்கக் கூட்டத்துக்கு வரப்போவதில்லை.

எட்டாம் திகதி தானாகவே எல்லாம் நடக்கும். நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும். ஒன்றையும் செய்யாமலிருப்பது பொய்யாகுமா?

ஆகும்.

இன்னொன்று. யோகன் இதைச் செய்யவில்லை என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை. ஏமாற்றம். அதை எழுதிவைக்கிறேன். அவன் செய்திருக்க வேண்டும் என்று அவ்வளவு விரும்பியிருக்கிறேன்.

வழுக்கும் என்று மத்தியானம் படிக்கு உப்புப் போட்டேன். அடுத்த வீட்டுக்காரரின் படிக்கும் போட்டேன். கேட்கவில்லை அவர்.

டிசம்பர் 2, திங்கள்

வசந்தாவிடம் சொல்லிவிட்டேன். படத்தையும் கொப்பியையும் மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். தேத்தண்ணீர் ஆறிப்போய் ஆடை பிடித்துவிட்டது.

"யோகன் அண்ணைக்குப் போன் எடுங்கோ."

"ஏலாது."

"அப்ப நான் எடுக்கட்டோ?"

"நீ எடுத்தால் நான் அனுப்பினதெண்டு நினைப்பான்."

"நினைச்சால் என்ன? உண்மைதானே."

கடிதம் எழுதுகிறேன் என்றேன். எல்லா அங்கத்தவருக்கும், கூட்டத்துக்கு முன்பே. நடந்ததை நடந்தபடி.

"பேரைப் போட்டு எழுதுங்கோ."

"பார்ப்பம்."

"என்ன பார்ப்பம்? பேரில்லாமல் மொட்டைக் கடிதம் வந்தால் யோகன் அண்ணைதான் தன்னைக் காப்பாத்த எழுதினவர் எண்டு சொல்லுவினம். இன்னும் கேவலமாப் போகும் அந்த மனுசனுக்கு." எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினாள். தண்ணீரைத் திறந்தபடி, எனக்கு முதுகு காட்டிக்கொண்டு சொன்னாள்: "அண்டைக்குக் கேட்டனான், வடிவாத் தெரியுமோ எண்டு. தெரியுமெண்டு சொன்னியள்."

டிசம்பர் 3, செவ்வாய்

பூச்சியத்துக்குக் கீழே ஒன்பது. லைப்ரரிக்கு நடந்து போனேன், போட்டோக்கொப்பி எடுக்க. பக்கத்து மெசினில் ஒரு பெடியன் வேலை விண்ணப்பம் எடுத்துக்கொண்டிருந்தான், என் தாள்களைப் பார்த்துவிட்டு, "தமிழா அங்கிள்?" என்றான். ஓம் என்று தாளைத் திருப்பி வைத்தேன்.

கடிதம் ஒரு பக்கம். எட்டு முறை எழுதினேன். முதல் நான்கில் என்னைப் பற்றியே அதிகம். வெட்டினேன். மிஞ்சியது இது:

மெசினில் இருந்த துண்டு யோகராஜா வைத்ததல்ல. மெசின் செய்யப்பட்ட காலத்தை ஒட்டி எவனோ ஒரு மதுக்கடைக்காரன் வைத்தது. 1994இல் மெசினைத் திருத்தியவர் அது என்னவென்று அறியாமல் திரும்பப் பொருத்தினார். யோகராஜாவிடம் இருந்தபோது மெசின் பூட்டியிருந்தது, திறப்பு அவரிடம் இருக்கவில்லை. அவர்மீது சந்தேகத்தைக் கிளப்பியவரும் மெசினைத் திருத்தியவர்தான். இத்துடன் படமும் கொப்பிப் பக்கமும்.

"திருத்தியவர்." மூன்றாம் ஆள் மாதிரி. "நான்" என்று போட்டு எழுதிப் பார்த்தேன். கை அந்தச் சொல்லைத் தாண்டிப் போகவில்லை.

வசந்தா சொன்னதையும் யோசித்தேன். யோகன் எழுதியது என்று ஒருவரும் சொல்ல முடியாது. கொப்பிப் பக்கம் என் கையெழுத்து. சங்கத்தின் தமிழ்த்தினச் சான்றிதழ்களை ஒன்பது வருடமாக எழுதுவது நான்; அங்கத்தவர் வீடுகளில் பாதியில் அந்த எழுத்து சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. பார்த்த உடனே தெரியும். தெரியட்டும். அந்தப் பக்கத்தை எடுக்கலாமா என்று ஒருக்கால் யோசித்தேன். எடுக்கவில்லை.

வசந்தா உறைகளுக்கு முத்திரை ஒட்டினாள். கடிதத்தை எடுத்து வாசித்தாள்.

"எல்லாருக்கும் விளங்கத்தான் போகுது. அப்ப பேரைப் போட்டால் என்ன குறையுது?"

என்ன குறைகிறது என்று எனக்குத் தெரியும், அவளுக்குச் சொல்ல வரவில்லை. பெயர் போட்டால் அது மன்னிப்பு. அதை வாசித்துவிட்டு யோகன் வருவான். வந்து, "பரவாயில்லை மச்சான்" என்பான். அவனுடைய பரவாயில்லையை வாங்கிக்கொண்டு நான் மிச்சக் காலம் இந்த ஊரில் நடமாட வேண்டும். அவனுக்கு உரியதை அவனுக்குக் கொடுத்துவிடுகிறேன், பெயர் சுத்தம், பதவி, வானில் பிள்ளைகள். அதற்கு மேல் என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. இன்று இல்லை.

அவனுக்குப் போகும் உறையை மட்டும் கடைசியாக ஒட்டாமல் வைத்திருந்தேன். பேனையை எடுத்தேன். கடிதத்தின் கீழே இடம் இருந்தது, இரண்டு அங்குலம். என் பெயரின் முதல் எழுத்துக்குரிய சுழியைப் போட்டேன். அதோடு நின்றது. அந்தப் பிரதியைக் கிழித்துவிட்டு வேறு பிரதி வைத்தேன்.

தபால் பெட்டியில் காலை பதினொன்றுக்கு எடுப்பார்கள். நாளை போட்டால் வெள்ளிக்கு எல்லோரிடமும் போய்ச்சேரும், கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு. பெயர் இல்லாமலே போடுவதென்று முடிவு.